தலையெழுத்தா, தாளெழுத்தா?

‘வீட்டைக் கட்டிப் பார்’ என்றனர் முன்னோர். கட்டிப் பார்த்தாள் ஒரு பெண். கண்டது என்ன? 1988இல் வெளிவந்த பாலு மகேந்திராவின் ‘வீடு’ அதைச் சொல்கிறது.

சென்னையில் வேலை பார்த்துத் தாத்தாவையும் தங்கையையும் காப்பவள் சுதா. வாடகை வீட்டைக் காலி செய்யும் நிலை. குடும்பத்துக்குரிய இரு மனைகளில் ஒன்றை விற்று, கடனும் வாங்கி, மற்றொன்றில் வீடு எழுப்புகிறாள். ஒப்பந்தக்காரர் ஏய்க்கிறார், அந்தச் சூதை அம்பலப்படுத்துபவள், ஊருக்கெல்லாம் வீடு கட்டும் சித்தாள் மங்கம்மா! வீடு முடியுமுன் தாத்தா மறைகிறார். இறுதியில் விழுகிறது இடி: ‘இம்மனை எமக்குரியது’ என்கிறது குடிநீர் வாரியம். கட்ட அனுமதி தந்த அலுவலகம் ஒன்று. உரிமை கொண்டாடும் அலுவலகம் மற்றொன்று! நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திருக்கிறாள் சுதா.

சுதாவாகவே வாழ்ந்த அர்ச்சனா தேசிய விருது பெற்றார். தாத்தாவாக வந்த சொக்கலிங்க பாகவதரோ, நடித்தார் என்று சொல்லவே நா எழவில்லை.

2003இல் ‘ஹவுஸ் ஆஃப் சாண்ட் அண்ட் ஃபாக்’ என்றோர் அமெரிக்கப் படம் வந்தது. தவறாக விதித்த வரிக்காக ஒரு பெண்ணின் வீடு ஏலம் போகிறது. ஈரானிலிருந்து வந்து குடியேறிய முன்னாள் படை அதிகாரி அதை வாங்குகிறார். இருவரும் மோதி அழிகின்றனர். பிழை செய்த அலுவலகம் மட்டும் அழியவில்லை! அங்கே மறைந்து நிற்கும் அலுவலகத்தை ‘வீடு’ நம் கண்முன் நிறுத்துகிறது. அதுவே அதன் பெருமை.

குறையும் உண்டு. தாத்தாவின் மறைவுக்கு அழ நேரம் தந்த இயக்குநர், வாரியத்தை எதிர்த்து அவள் கேட்கும் கேள்விக்கு அவ்வளவு நேரம் தரவில்லை. நனைந்த கண்ணோடு வெளியேறுபவர், ‘பாவம், அவள் தலையெழுத்து’ என்று சொல்லிவிடக்கூடுமே!

தலையில் எவன் எழுதினான்? எழுதியது தாளில், எழுதியவர் சம்பளம் வாங்கும் மனிதர். பொருநைக் கரை ஊர்களில் மட்டும் என்ன வாழ்கிறது? பத்திரம் ஒருவர் பெயரில், பட்டா வேறொருவர் பெயரில், குடியிருப்பவர் மூன்றாமவர். கேட்டால், ‘விதி’ என்று வானத்தைக் காட்டுகிறார்கள். அண்ணன் தம்பி அரிவாளைத் தேடுகிறார்கள். அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதத் துணிபவரைக் காணோம்!

தோழர்களே, படிப்பகந்தோறும் இப்படத்தைத் திரையிடுங்கள். மறுநாள் அன்னையரின், தமக்கையரின் பத்திரத்தையும் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் ஒன்றாக விரித்து வைத்துப் படித்துக் காட்டுங்கள். பிழை கண்டால் எழுத்தில் கேளுங்கள். மனிதன் எழுதியதை மனிதன் திருத்தலாம். சுதாவுக்கு நாம் செலுத்த வேண்டியது கண்ணீரன்று; அந்தக் கேள்வியே!