அரைப் புள்ளியும் ஐந்து புள்ளியும்

2005 மார்ச் 6, ஞாயிற்றுக்கிழமை காலை. நாமக்கல்லில் மாமாவின் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை நின்றுபோயிருந்தது. ஆபீஸ் அறையின் சின்ன டிவியில் மெல்போர்ன் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன், ஜோர்டான் அணியின் காரில். ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர். 15ஆவதாக வந்தார். பட்டறையில் இருந்தவர்களுக்கு அதுவே வெற்றிதான். "நம்ம பக்கத்துப் பையன்" என்றார் மாமா. முனைவர் பட்ட ஆய்வில் இருந்த நான் டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கதவருகே நின்றேன்.

"ஏனுங் மாமா, பொம்பளைங்க யாரும் இதுல ஓட்டறதில்லீங்களா?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு கண்ணு" என்றார், டிவியிலிருந்து கண்ணெடுக்காமல்.

அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. எனக்கு அது கிடைக்கப் பல வருடங்கள் ஆயின.

நரேனின் வாழ்க்கை நம் பத்திரிகைகளில் எப்படிச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ரேலியைப் பலமுறை வென்றவர். மகன் பதின்வயதில் பிரான்ஸின் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளிக்குப் போனார். திரும்பிவந்து ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதி ஓட்டினார். மாருதி காரின் எஞ்சினை வைத்து அந்தச் சிறிய பந்தயக் காரை உருவாக்கியவரும் ஒரு கோவைக்காரர்தான், கரிவரதன். 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டம், பிறகு பிரிட்டனில் ஃபார்முலா த்ரீ, ஜப்பான், ஐரோப்பா. இந்தக் கதையில் தந்தை முதல் பத்தியில் வந்துவிட்டுப் போய்விடுகிறார். அதன்பின் வருவதெல்லாம் மகனின் திறமை, துணிச்சல், உழைப்பு. அவை பொய்யில்லை. ஆனால் சாவி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அந்த எழுத்து கேட்பதே இல்லை.

2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ். மிஷெலின் டயர்கள் அந்தத் தடத்தின் சரிவான வளைவைத் தாங்காது என்று தெரிந்ததால், புறப்பாட்டுக்கு முந்தைய சுற்று முடிந்ததும் 20 கார்களில் 14 ஒதுங்கிக்கொண்டன. மிச்சம் 6 கார்கள். ஷூமாக்கர், பிரேசிலின் பாரிச்செல்லோ, மான்டீரோ ஆகியோருக்குப் பின் நரேன் நான்காவது. 5 புள்ளிகள். ஃபார்முலா ஒன்னில் அவர் பெற்ற புள்ளிகள் அவ்வளவுதான். 2011, 2012இல் ஹெச்.ஆர்.டி. அணியின் மெதுவான காரில் ஒன்றும் வரவில்லை. அந்த 5 புள்ளிகள் "இந்தியாவின் முதல் புள்ளிகள்" ஆயின. ஆறே கார்கள் என்பது பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு. 2010இல் பத்மஸ்ரீயும் வந்தது. எனக்கு அதில் குறையேதும் இல்லை. ஓடிய கார்களுக்குத்தான் புள்ளி.

இப்போது மாமா சொல்லாத பதில். 1975 ஏப்ரல் 27, பார்சிலோனாவின் மோன்ஜுயிக். தடுப்புகள் சரியாகப் பொருத்தப்படவில்லை என்று ஓட்டுநர்கள் முன்பே எதிர்த்த பந்தயம். ஒரு கார் தடுப்பைத் தாண்டிப் பறந்து பார்வையாளர்கள் இறந்தார்கள். பந்தயம் பாதிக்கும் முன்பே நிறுத்தப்பட்டது. அப்போது ஆறாவது இடத்தில் இருந்தவர் இத்தாலியின் லெல்லா லொம்பார்டி. ஆறாவது இடத்துக்கு 1 புள்ளி, பாதிப் பந்தயம் என்பதால் அரைப் புள்ளி. உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு பெண் பெற்ற ஒரே புள்ளிக்கணக்கு இன்றுவரை அந்த அரைதான். 1976இல் லொம்பார்டி கடைசியாக ஓடியதற்குப் பிறகு எந்தப் பெண்ணும் இந்தப் பந்தயங்களில் புறப்பட்டதில்லை.

முழுதாக நடக்காத இரண்டு பந்தயங்கள். ஒன்றில் மற்றவர்கள் ஒதுங்கியதால் கிடைத்தது தேசத்தின் பெருமை. இன்னொன்றில் கிடைத்தது வினாடி வினாவுக்கான வேடிக்கைத் தகவல். லொம்பார்டி இறைச்சிக் கடைக்காரரின் மகள். கடையின் வேனை ஓட்டிப் பழகியவர். இதைப் படித்தபோது எனக்கு நாமக்கல்தான் நினைவுக்கு வந்தது.

எங்கள் லாரியின் ஆர்.சி. புத்தகம் அம்மா பெயரில் இருந்தது. நெற்றியில் என் பெயர் எழுதியிருந்தது. அம்மா அதன் படியில் கால் வைத்தது ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க மட்டும். எங்கள் ஊரில் டிரைவராவதற்கு முதல் வழி கிளீனராகப் போவது: இரவில் சாலையோரம் படுப்பது, தார்ப்பாய் கட்டுவது, சமதளம் வந்ததும் டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கைக் கொடுப்பது. அந்த வழியில் பெண் பிள்ளைக்கு முதல் இரவே இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993இல் அரசுப் பேருந்தின் ஓட்டுநரானார். அவருடைய சாவி ஓர் அரசாணையிலிருந்து வந்தது என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

சென்னையின் அலிஷா அப்துல்லாவின் தந்தையும் சாம்பியன், பைக் பந்தயத்தில். சிறுவயதில் கோ-கார்ட்டில் தொடங்கி, ஆண்களோடு சூப்பர் பைக் ஓட்டி, பிறகு காருக்கு வந்தவர் அலிஷா. நரேனின் கதையில் முதல் பத்தியோடு போய்விடும் தந்தை இவர் கதையில் கடைசிவரை கூடவே வருகிறார், அனுமதி கொடுத்தவராக. 2014இல் 'இரும்புக் குதிரை' வந்தது. பைக் பந்தய வீரராக அதர்வா நடித்தார். உண்மையில் பந்தயம் ஓட்டிய அலிஷா அதில் துணைப் பாத்திரம். நம் சினிமா விமர்சகர்களில் யாராவது இதைக் கேலியாகவாவது எழுதியிருப்பார்கள் என்று தேடினேன். என் கண்ணில் எதுவும் படவில்லை.

சென்ற பருவத்தில் முதுகலை மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன்: நரேனின் வாழ்க்கைக் குறிப்பையும் அலிஷாவின் குறிப்பையும் பெயர்களை மாற்றி எழுதி வாருங்கள். 'தந்தையின் ஆதரவால் தடைகளை மீறிய நரேன்' என்று வாசித்ததும் வகுப்பு சிரித்தது. சங்ககிரியிலிருந்து வரும் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அப்பாவுக்கு இரண்டு லாரிகள். இரண்டும் அவள் அம்மா பெயரில். வகுப்பு முடிந்ததும் வந்து, "மேடம், கனரக வாகன லைசென்சுக்கு எந்த வயசுலீங்க எழுதிக் குடுக்கலாம்?" என்று கேட்டாள். முதலில் கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும், வயது இருபது என்றேன். இருபத்திரண்டு ஆச்சுங்க என்றாள்.