செவுள் பார்க்காமல் வாங்கிய தட்டு

தூத்துக்குடித் திரேஸ்புரத்தில் மீன் வாங்கிப் பழகியவனுக்கு இணைய ஏலம் சரிப்படாது என்று என் மனைவி சொல்வாள். இங்கே ஏலக்காரர் விலையைக் கூவிக்கொண்டிருக்கும்போதே குனிந்து செவுளைத் தூக்கிப் பார்த்துவிடலாம். சிவப்பு மங்கியிருந்தால் சத்தமில்லாமல் நழுவிவிடலாம். அங்கே கிடைப்பது நாலே நாலு படம். மூன்று, உறையின் படம். நாலாவதில் ட்யூப்லைட் வெளிச்சம் இசைத்தட்டின் மேல் விழுந்து, எந்தப் பக்கம் கீறல் இருக்குமோ சரியாக அந்தப் பக்கம் வெள்ளையாகிக் கிடக்கும். கீழே ‘மின்ட், வெரி ரேர்’ என்று இருக்கும். அதற்கும் கீழே, பொடி எழுத்தில், ‘பிளே செய்து பார்க்கவில்லை’.

இருந்தும் வாங்குகிறேன். பாஸீ டாட் காம் 2004-இல் ஈபே கைக்குப் போன காலத்தில் தொடங்கிய பழக்கம். 2018-இல் ஈபே இந்தியாவிலும் கடையைக் கட்டிவிட்டுப் போனது, பழக்கம் போகவில்லை. இப்போது வாட்ஸ்அப் குழுக்களிலும் பேஸ்புக்கிலும் ஏலம் நடக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு முடிவு, கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது விலை ஏற்றினால் இன்னும் ஐந்து நிமிடம் என்று விதி. கடைசி நொடியில் வந்து கொத்திக்கொண்டு போகிறவர்களுக்காக வைத்த விதி அது. எனக்குப் பிடிக்கவில்லை. கடைசி நொடி இல்லாத ஏலத்தில் என்ன இருக்கிறது?

மனைவியிடம் நான் வைக்கும் வாதம் வேறு. கண்ணை மூடிக்கொண்டு ஏலம் கேட்பது இந்தக் கரைக்குப் புதிதா? முத்துக்குளித்துறையில் சிப்பியைத் திறந்து காட்டியா விற்றார்கள்? திறக்காத சிப்பியை ஆயிரம் ஆயிரமாகக் குவித்துக் கூவுவார்கள். உள்ளே முத்து உண்டா, வெறும் சதையா என்பது வாங்கியவன் அதை அழுகவிட்டு, நாற்றத்தைச் சகித்து, கழுவி அரித்துப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. 1961-க்குப் பிறகு அந்தக் குளிப்பு நடக்கவில்லை. ஊர்ப் பழக்கம் அற்றுப்போய்விடக் கூடாதே என்றுதான் நான் தட்டு வாங்குகிறேன் என்பேன். இந்த வாதம் வீட்டில் ஒருமுறைகூட எடுபட்டதில்லை.

என் தேடல் எல்லாம் ஒரே ஆள்மேல்தான். சந்திரபாபு. பெயரை முழுசாகச் சொன்னால் ஜோசப் பனிமயதாஸ் சந்திரபாபு ரோட்ரிக்ஸ். பீச் ரோட்டுப் பனிமய மாதாவைப் பெயருக்குள்ளேயே வைத்திருந்தவர். பிறந்ததும் மாதா திருவிழா நடக்கும் ஆகஸ்டு மாதம், 1927-இல். இங்கே பிறந்து கொழும்பில் வளர்ந்தவர், ‘சபாஷ் மீனா’வில் ரிக்‌ஷாக்காரனாக வந்து பேசிய மெட்ராஸ் பாஷையைக் கேட்டு மெட்ராஸ்காரனே அசந்துபோனான். 1974 மார்ச்சில் போய்விட்டார். அதே வருஷம் ஜூலையில் நம் புதுத் துறைமுகம் பெரிய துறைமுகம் என்று அறிவிக்கப்பட்டது. அப்பா அங்கே டாலி கிளார்க். அந்த வருஷத்து ஞாபகம் எனக்கு இரண்டே: அப்பாவின் புதுச் சட்டை, பெரியம்மா வீட்டு மர்ஃபி ரேடியோவில் கேட்ட சந்திரபாபு. எங்கள் காதுக்குத் திருச்சியைவிடக் கொழும்பு பக்கம். கடலைத் தாண்டி வருகிற இலங்கை வானொலி, பக்கத்துத் தெருவில் பேசுவதுபோலக் கேட்கும். அறிவிப்பாளர் மயில்வாகனன் குரலுக்கு எங்கள் தெருவே கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொண்டது.

சந்திரபாபுவைச் சிரிப்பு நடிகர் என்ற கணக்கில் அடக்கிவிடுகிறவர்களோடு எனக்குத் தீராத சண்டை. கோவில்பட்டி நண்பர் ஒருவர் இருக்கிறார். காருகுறிச்சியாரின் தட்டுகளைத் தவிர வேறெதையும் வீட்டுக்குள் விடமாட்டார். ஏலக் குழுவில் என் பெயரைப் பார்த்ததும் போன் வரும். “அண்ணாச்சி, சிரிப்பு நடிகன் பாட்டுக்கா இம்புட்டு ரூவா?” காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தைக் குறைத்துச் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. ‘கொஞ்சும் சலங்கை’ வந்த இரண்டே வருஷத்தில், 1964-இல், அவர் போனது நம் பக்கத்துக்கே பெரிய இழப்பு. ஆனால் நண்பரிடம் ஒன்று மட்டும் கேட்பேன். வீணை எஸ்.பாலசந்தர், 1954-இல் ‘பெண்’ படத்தில் நடித்தபோது அவருக்குப் பாட்டுக் குரல் யார்? சந்திரபாபு. வித்துவானின் வாயசைப்புக்கே பொருந்திய குரல், உங்கள் காதுக்குப் பொருந்தாதா? நண்பர் உடனே பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார்.

சந்திரபாபுவின் யோடலிங் மேல்நாட்டுச் சரக்கு என்று மூக்கைச் சுளிப்பவர்களும் உண்டு. சரக்கு எங்கிருந்து இறங்கினால் என்ன, துறைமுகத்தில் பிறந்தவன் கை வைத்தால் நம்முடையதாகிவிடும். அடிக்குரலிலிருந்து பொய்க்குரலுக்கு ஒரே தாவல். நடுவில் படிக்கட்டு கிடையாது. மற்றவர்கள் அந்த இடத்தில் மூச்சைக் கூட்டிக்கொண்டு ஏறுவது தெரியும். இவர் ஏறுவதே இல்லை, மேலே இருப்பார். கட்டுமரத்திலிருந்து கரையில் நிற்பவனைக் கூப்பிடும்போது குரல் கடைசி எழுத்தில் சட்டென்று மேலே எகிறுமே, அந்த எகிறல் இதில் இருக்கிறது என்று எனக்கொரு சந்தேகம். நண்பர் இதற்குச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

அந்தத் தாவல் தட்டில் எங்கே இருக்கிறது என்பதைக் காதால் கேட்குமுன் கண்ணால் பார்த்துவிடலாம். சாய்ந்த வெளிச்சத்தில் 78 ஆர்.பி.எம். தட்டைப் பிடித்தால் கறுப்பு ஒரே கறுப்பாக இருக்காது. சத்தம் ஓங்கிய இடங்களில் பள்ளம் வளைந்து நெளிந்து ஓடும். கனமான தலையும் இரும்பு ஊசியும் அந்த வளைவுகளைத்தான் அதிகம் அரைத்திருக்கும். அங்கெல்லாம் தட்டு சாம்பல் பூத்து நரைத்திருக்கும். சந்திரபாபு தட்டுகளில் நரை வளையம் வளையமாகத் தெரியும். குரல் எங்கே தாவியதோ அங்கே தட்டு தேய்ந்திருக்கிறது. விற்பவர் என்ன எழுதினாலும் அந்த நரை பொய் சொல்லாது.

தேய்த்தவர்கள் யார்? பெரும்பாலும் மைக் செட்காரர்கள். லேபிளில் ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்பு இருந்தால் அது கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் உழைத்த தட்டு. எங்கள் தெருத் திருவிழாவுக்கு வரும் மைக் செட் அண்ணாச்சி, ஊசி தாவாமல் இருக்க பிக்கப் தலையில் ஒரு நாலணாவை வைப்பார். பாட்டு தாவாது, தட்டு அழியும். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இன்று அந்த நாலணாவை நினைத்தால் வயிறு எரிகிறது.

‘மரகதம்’ தட்டை மூன்று முறை தவறவிட்டேன். 1959 படம், எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசை. நான் தேடியது சந்திரபாபுவும் ஜமுனாராணியும் பாடிய ‘குங்குமப் பூவே’. நாலாவது முறை கொல்கத்தாவிலிருந்து ஒருவர் போட்டார். அங்கே இருந்த தமிழ்க் குடும்பம் ஒன்று வீட்டைக் காலி செய்தபோது வந்த பெட்டியாம். தமிழ் படிக்கத் தெரியாதவர், லேபிளைத் தலைகீழாகப் படமெடுத்திருந்தார். இதில் ஒரு பொருத்தம் உண்டு. தூத்துக்குடிச் சங்கு தலைமுறை தலைமுறையாக வங்காளத்துக்கு வளையலாகப் போனது. அங்கே டம் டம் ஆலையிலிருந்து தட்டு நமக்கு வந்தது. சங்குக்குத் தட்டு, கணக்கு சரி.

சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு வீடியோ கேட்டேன். அனுப்பினார். நரை இருந்தது, வெடிப்பு இல்லை. ரவுண்டான எண்ணில் கேட்பவன் ஏமாளி என்பது ஏலத்தின் பாலபாடம். 2,500-இல் எல்லோரும் நிற்பார்கள். நான் 2,611 போட்டேன். எட்டு ஐம்பத்தொன்பதுக்கு யாரோ 2,650 என்றார்கள். விதிப்படி இன்னும் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன், மனைவி இருக்கும் அறைக் கதவைச் சாத்தினேன், 2,811 போட்டேன். எதிரில் சத்தமில்லை.

வந்த தட்டைக் கழுவிய விதம் சொல்லவேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், ஒரு சொட்டு குழந்தை ஷாம்பு, மென்மையான பிரஷ், லேபிளில் ஈரம் படாமல் பள்ளத்தோடு வட்டமாக. நம் ஊர் உப்புக் காற்றில் உறைக் காகிதம் நமுத்து, பூஞ்சை தட்டின் மேல் வெள்ளைப் படலமாக ஏறிவிடும். கொல்கத்தா ஈரமும் சளைத்ததில்லை. கழுவி, நிழலில் நிறுத்திக் காயவைத்து, 78-க்கான அகல ஊசியை மாட்டினேன். எல்பி ஊசியில் 78-ஐ ஓட்டி ‘சத்தம் சுமார்’ என்று எழுதுகிற விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கைக் கேட்கிறது, பாட்டைக் கேட்பதில்லை.

முதலில் இரைச்சல், மழை தகரத்தில் விழுவதுபோல. பிறகு அவர். நரைத்த இடம் வந்தபோது குரலோடு ஒரு கரகரப்பும் சேர்ந்து எழுந்தது. அந்தக் கரகரப்பு எனக்கு வேண்டும். பின்னால் வந்த தொகுப்புகளில் இரைச்சலை வடிகட்டுகிறேன் என்று குரலின் ஓரத்தையும் சேர்த்துச் சீவிவிட்டார்கள். தாவல் இருக்கிறது, தாவும்போது தொண்டையில் விழும் அந்தச் சொடுக்கு இல்லை. போனில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறதே என்பவர்களுக்கு என் பதில் அவ்வளவுதான். தவிர, பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம். அதற்குள் அடங்கும்படி பாடி வைத்ததும் படத்தில் வருவதும் பல பாட்டுகளில் வேறு வேறு. தட்டில் இருப்பது தட்டில் மட்டுமே இருக்கிறது.

இளையராஜா எல்பிக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ‘ஹவ் டு நேம் இட்’ 1986-இல் வந்தபோது கடையில் வாங்கி, தேயத் தேயக் கேட்டவன் நான். இன்று எக்கோ லேபிள் என்றாலே விலை ஆகாயத்தில் நிற்கிறது. வாங்குகிறவர்களில் பாதிப்பேர் பிளாஸ்டிக் உறையைப் பிரிப்பதில்லை; பிரித்தால் விலை போய்விடுமாம். முத்து இருக்கும் சிப்பியை வாங்கித் திறக்காமல் பெட்டியில் வைப்பதுபோல. ‘மின்ட்’ தட்டு என்றால் யாரும் ஆசையாகக் கேட்காத தட்டு என்றே என் மனம் மொழிபெயர்க்கிறது. அநியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். தட்டை அறுத்துச் சுவர்க்கடிகாரம் செய்கிறவர்களையும், கல்யாண மண்டப அலங்காரத்துக்குத் தங்க நிறம் அடித்துத் தொங்கவிடுகிறவர்களையும் நினைத்தால், உறை பிரிக்காதவர்கள் தெய்வங்கள்.

தரம் கெட்டது எதில் என்றால், பொட்டலம் கட்டுவதில். முன்பு வைக்கோலும் மரப்பெட்டியுமாக வந்த சாமான், இப்போது ஒரு பழைய நாளிதழில் சுற்றி வருகிறது. போன வருஷம் ‘அன்னை’ படத் தட்டு ஒன்று மூன்று துண்டாக வந்தது. அனுப்பியவரைக் கேட்டேன், கூரியர் என்றார். கூரியரைக் கேட்டேன், பொட்டலம் என்றார். மூன்று துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன்; நரை வளையம் துண்டுக்குத் துண்டு சரியாகப் பொருந்தியது. அதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை, அலமாரியில் இருக்கிறது. நம் ஊர் மக்ரூன் கடைக்காரர்களைப் பாருங்கள். வெள்ளைக்கரு, சீனி, முந்திரி. விரலால் அழுத்தினால் பொடியாகிற பண்டம். அது பெட்டியில் ஆடாமல் அசையாமல் வெளிநாட்டுக்கே போய்ச் சேர்கிறது. அரக்குத் தட்டை அனுப்புகிறவர்கள் ஒருநாள் அந்தக் கடைகளில் நின்று பார்த்துவிட்டு வரலாம்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய 78-கள் இருந்தால் தயவுசெய்து ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். தச்சர்கள் பாலிஷுக்கு அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைக்கிறார்கள். தட்டும் அப்படியே கரையும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். ஏலத்தில் போடுவதென்றால் தட்டைவிடப் பெரிய இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, பெட்டிக்குள் பெட்டியாக அனுப்புங்கள். உறைக்கு மூன்று படம் வேண்டாம், சாய்ந்த வெளிச்சத்தில் ஒரே ஒரு படம் போதும். சந்திரபாபுவாக இருந்து, நரைத்தும் இருந்தால், நான் கூடுதலாகவே கேட்பேன்.