போட்லன்ட் சாடி: உருவமும் உழைப்பும்

உரோமக் கமியோக் கண்ணாடியின் தலைசிறந்த எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது பிரித்தானிய நூதனசாலையிலுள்ள போட்லன்ட் சாடி. அதுபற்றிய ஆய்வுகளிற் பல, சாடியிற் காணப்படும் உருவங்கள் யாவர் என்ற வினாவையே சுற்றிவந்துள்ளன. பெலியஸ், தெற்றிஸ் ஆகியோரின் திருமணமென்பர் சிலர். ஓகஸ்ரஸ் பேரரசனின் தாயைக் காண்பர் வேறு சிலர். இத்தகைய கலம் ஏன் அக்காலத்தில் வேண்டப்பட்டது என்ற வினா பின்தள்ளப்படுகிறது.

கி.மு. 1ஆம் நூற்றாண்டிற் சிரிய-பலஸ்தீனப் பகுதியில் ஊதுமுறை தோன்றியதன் பின்னர் கண்ணாடி மலிந்தது. உரோமில் ஒரு செப்புக்காசுக்குக் கண்ணாடிக் கிண்ணம் வாங்கலாமென ஸ்திராபோ எழுதினார். ஏழையின் கைக்கும் எட்டிய பொருள் செல்வனின் தகுதியை எங்ஙனம் காட்டும்? கமியோக் கண்ணாடியை இம்முரண்பாட்டின் அடியாகவே விளங்கிக்கொள்ளவேண்டுமென்பது எமது கருத்து. கருநீலக் கண்ணாடியின்மேல் வெண்கண்ணாடியைப் போர்த்து ஊதி, ஆறிய பின்னர், வெண்படையைச் செதுக்கி உருவமாக்கினரென்பதே பெரும்பாலார் ஏற்கும் விளக்கம். ஊதுவோனின் விரைந்த வேலையின்மீது செதுக்குவோனின் நீண்ட உழைப்பு ஏற்றப்பட்டது; இழந்த அருமை மீட்கப்பட்டது. அவ்வுழைப்பின் அளவை யோன் நோத்வூட்டின் கண்ணாடிப் பிரதி உணர்த்தும். ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் உயரமான அதனை முடிக்க, 1873 முதல் 1876 வரை மூன்றாண்டுகள் சென்றன.

இவ்வாறு கூறுவதனாற் சாடியின் அழகை நாம் மறுப்பதாகக் கொள்ளலாகாது. வெண்படை மெலிந்து நீலம் ஊடுதெரிய, அதுவே நிழலாகும் இடங்களிற் கைவினைஞனின் தேர்ச்சி வியப்பூட்டுகிறது. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் அச்சில் ஊதிய கலங்களில் எனியோன் தன் பெயரைப் பொறித்தான். போட்லன்ட் சாடியிற் செதுக்கியவன் பெயர் இல்லை.