செஞ்சியில் எங்கே சாப்பிடுவது?

கோட்டை பார்க்கக் கிளம்பிய நண்பர் கேட்ட கேள்வி இது. லேசான கேள்வி அல்ல. 1649-ல் பீஜப்பூர்க்காரர், 1677-ல் சிவாஜி, 1698-ல் மொகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர் என்று இத்தனை பேர் பிடித்த ஊரின் இலையில் உலகமே வந்து உட்கார வேண்டாமா?

நான் போன அன்று மாலை பெரிய ஹோட்டல் ஒன்றில் நுழைந்தேன். பலகையில் பஞ்சாப் முதல் சீனா வரை எழுதியிருந்தது. தட்டில் வந்தவை எல்லாம் ஒரே ருசி. அத்தனை ராஜ்யங்களையும் ஒரே குழம்பில் மூழ்கடித்திருந்தார்கள்!

மறுநாள் காலை, கடைத்தெருவில் ஒரு சின்னக் கடை. பலகையே இல்லை. ஆவி பறக்கும் இட்லி. காரமான வேர்க்கடலைச் சட்னி. அந்தக் கடலையும் மிளகாயும் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தவைதானே? படையோடு வந்தவர்கள் போய்விட்டார்கள். கூடையில் வந்தவை இந்த வட்டாரத்து மண்ணில் வேர்விட்டு நம்முடையவை ஆகிவிட்டன. அந்நிய ருசியைப் பலகையில் எழுதுவது சுலபம். கைப்பக்குவத்தில் கரைப்பதுதான் சமையல் என்பது என் கட்சி.

ஆகவே நண்பரே, உள்ளூர்க்காரர் கூடும் கடைக்கே போங்கள். ஒன்று மட்டும்: ராஜகிரி ஏறுமுன் சாப்பிட்டுவிடுங்கள். இறங்கிய பிறகு எதுவும் ருசிக்கும், விமர்சனத்துக்கு இடமிராது.