ஒரு மிடறு பதமாகுமா?

காசு கொடுத்து வாங்கிய பொருள் சரியில்லை என்று சொல்வது எளிது. பிறர் நம்பிப் பயன்படுத்தும்படி அதைச் சொல்வதுதான் கடினம். டென்மார்க்கில் விஸ்கிக்கென்றே சங்கங்கள் இயங்குகின்றன. ஒரு காலத்தில் கைவினைஞர் கூட்டமைப்புகளைக் குறித்த ‘லௌ’ என்ற டேனியச் சொல்லைப் பல சங்கங்கள் தங்கள் பெயரில் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. உறுப்பினர்கள் கூடிப் பணம் போட்டுப் பாட்டில் வாங்குகிறார்கள், சிறு அளவில் ஊற்றி முகர்ந்து, பருகி, மணம், சுவை, விழுங்கியபின் நிற்கும் பின்சுவை எனப் பிரித்துக் குறிப்பெழுதுகிறார்கள், மதிப்பெண் போடுகிறார்கள். உலகெங்கும் விஸ்கி ரசிகர்கள் செய்வது இதுதான். இந்தக் குறிப்புகளுள் தனிக் கவனத்துக்கு உரியவை, எதிர்பார்த்து வாங்கி ஏமாந்த பாட்டில்களைப் பற்றியவை. ஏமாற்றத்தை எழுதிவைக்கும் இந்த வழக்கம் விஸ்கி உலகில் வாங்குபவருக்கு வாய்த்த மிகப் பெரிய பாதுகாப்பு. ஆனால் அது எழுதப்படும் முறை அந்தப் பாதுகாப்பில் பாதியைக் கெடுத்துவிடுகிறது. இந்தக் கேட்டுக்கான மருந்து டென்மார்க்கிலேயே, ஒரு பீர் ஆலையில், சுமார் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே உருவாகிவிட்டது.

முதலில் வழக்கத்தின் வலிமையைப் பார்க்கலாம். புடவையைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். மாம்பழத்தை முகர்ந்து வாங்கலாம். முத்திரையிட்ட பாட்டிலை அப்படி வாங்க முடியாது. அதற்குள் இருப்பதைப் பற்றிப் பேசுவது அட்டைப்பெட்டியும் விளம்பரமும் மட்டுமே. அவை குறை சொல்லப்போவதில்லை. குறையைச் சொல்ல, ஏற்கெனவே வாங்கித் திறந்த ஒருவர் வேண்டும். ரசிகர்களின் இந்தக் கறார்ப் பார்வைக்குப் பயன் இருந்திருக்கிறது. விஸ்கியைக் கருமையாகக் காட்டக் காரமல் நிறமி சேர்க்க ஐரோப்பியச் சட்டம் இடம் தருகிறது. டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் விற்கும் பாட்டில்களில் அப்படிச் சேர்த்ததை அச்சிட்டுவிடுகிறார்கள். ஆகவே பிற நாட்டு ரசிகர்களும் ஒரு விஸ்கியின் நிறம் பீப்பாயில் ஊறி வந்ததா, கலந்ததா என்று அறிய இந்த இரு நாட்டு லேபிள்களைத் தேடிப் படிக்கிறார்கள். குளிரவைத்து வடிகட்டினால் எண்ணெய்த்தன்மையும் சுவையும் குறைகின்றன என்பது ரசிகர்களின் நெடுநாள் முறையீடு. 2010-ல் ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலுள்ள பன்னஹாபன் வடிசாலை தன் விஸ்கியின் ஆல்கஹால் அளவை 46.3 சதவீதத்துக்கு உயர்த்தி, குளிர்வடிகட்டலைக் கைவிட்டது. இன்று பல வடிசாலைகள் ‘நிறமி இல்லை, குளிர்வடிகட்டல் இல்லை’ என்பதைப் பெருமையாக அச்சிடுகின்றன. குறை சொல்பவர் இல்லாத சந்தையில் இப்படி அச்சிட வேண்டிய தேவை யாருக்கும் எழாது.

கெட்ட சுவையை மறைக்காமல் எதிர்கொண்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு டென்மார்க்கின் வரலாற்றிலேயே சான்று உண்டு. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையை நடத்திய ஜே. சி. யாகப்சன் 1875-ல் அதற்கென ஓர் ஆய்வுக்கூடம் நிறுவினார். 1883-ல் ஆலையின் பீரிலேயே கசப்பும் வேண்டாத வாடையும் தோன்றின. ஆய்வாளர் எமில் கிறிஸ்டியன் ஹான்சன், ஆலையின் ஈஸ்ட்டில் காட்டு ஈஸ்ட் கலந்திருப்பதே காரணம் என்று கண்டறிந்தார். ஒற்றை உயிரணுவிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். அந்த ஆண்டே கார்ல்ஸ்பெர்க் அதைக் கொண்டு பீர் தயாரிக்கத் தொடங்கியது. யாகப்சன் அந்த ஈஸ்ட்டைப் பிற ஆலைகளுக்கும் விலையின்றிக் கொடுத்தார். ‘இந்தப் பீர் சரியில்லை’ என்ற உணர்வு, ‘எதனால் சரியில்லை’ என்ற கேள்வியாக மாறியபோதுதான் அதிலிருந்து அறிவு பிறந்தது. விஸ்கி ரசிகரின் குறிப்பையும் இந்த அளவுகோலில்தான் நிறுத்த வேண்டும். பெரும்பாலான குறிப்புகள் முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன.

அதற்கு முதற்காரணம், ஏமாற்றம் என்பது கிளாஸில் மட்டும் இருப்பதில்லை என்பது. அது இரண்டு பொருள்களின் வித்தியாசம்: கிடைத்த சுவை ஒன்று, எதிர்பார்த்த சுவை மற்றொன்று. விலை, வயது, வடிசாலையின் பெயர், முன்பு படித்த பாராட்டு எல்லாம் சேர்ந்து எதிர்பார்ப்பைக் கட்டுகின்றன. அந்த எதிர்பார்ப்பு நாக்கையே மாற்றிவிடும். 2001-ல் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்றில், பிரான்சின் போர்டோவில் திராட்சை மதுவியல் பயின்ற 54 பேருக்கு வெள்ளை மதுவைச் சிவப்புச் சாயமேற்றிக் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு மதுவுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். 2013-ல் லண்டனில் ஆய்வாளர் சார்ல்ஸ் ஸ்பென்ஸ் குழுவினர் நானூறுக்கும் மேற்பட்டோரை மூன்று அறைகளில் ஒரே விஸ்கியைப் பருகச் செய்தார்கள். புல்வெளிபோல் அமைந்த அறையில் விஸ்கியில் புல்வாசனை கூடியது. மரப்பலகை அறையில் மரத்தின் பின்சுவை கூடியது. அறையே சுவையை மாற்றுமானால், பெரும்விலை அச்சிட்ட சீட்டு மாற்றாதா? விலையுயர்ந்த பாட்டிலை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு எழுதும் ஏமாற்றக் குறிப்பில் எத்தனை பங்கு விஸ்கியைப் பற்றியது, எத்தனை பங்கு பணப்பையைப் பற்றியது என்று எழுதியவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது குறை, ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற நம்பிக்கை. சோற்றுக்கு அது பொருந்தும். ஒரே நீர், ஒரே தீ, ஒரே நேரம். விஸ்கிக்குப் பீப்பாய் ஒவ்வொன்றும் தனிப் பானை. ஒரே நாளில் ஒரே வடிகலத்தில் இறங்கிய சாராயம் பக்கத்துப் பக்கத்துப் பீப்பாய்களில் பத்தாண்டு கிடந்தால் இரண்டு விஸ்கிகளாக வெளிவரும். ஒற்றைப் பீப்பாய் வெளியீட்டைக் குடித்துவிட்டு வடிசாலையையே தூக்கியெறிவது, கருகிய ஒரு தோசையை வைத்துக் கடையின் மாவைக் குறை சொல்வது போன்றது. பானை மட்டுமன்றிப் பதம் பார்க்கும் விரலும் நிலையாக இல்லை. கலிஃபோர்னியாவின் மாநில மதுப் போட்டியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய மதுவை, நடுவர்களுக்குத் தெரியாமல் மூன்று முறை கொடுத்துப் பார்த்தார். மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே தர வரிசைக்குள் மதிப்பெண் கொடுத்தவர்கள் பத்தில் ஒருவரே என்று 2008-ல் அவர் வெளியிட்ட முடிவு காட்டுகிறது. அவர்கள் தேர்ந்த நடுவர்கள். சளி பிடித்த நாளில், காரமான உணவுக்குப் பின், பாட்டிலைத் திறந்த முதல் நிமிடத்தில் ஒரே ஒரு முறை பருகி எழுதும் ரசிகர் இவர்களைவிட உறுதியாக இருப்பார் என்று நம்ப இடமில்லை.

மூன்றாவது குறை எண்ணிலும் சொல்லிலும் இருக்கிறது. நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் வழக்கத்தில் நடைமுறையில் பெரும்பாலும் பயன்படுவது எண்பதுக்கு மேற்பட்ட பகுதியே. எண்பதே வசைச் சொல்லாகிவிடுகிறது. விஸ்கி எழுத்தாளர் ஜிம் மரே தன் ஆண்டு விஸ்கி நூலில் மணம், சுவை, பின்சுவை, சமநிலை ஒவ்வொன்றுக்கும் 25 என்று பிரித்துக் கூட்டினார். 2010-ஆம் ஆண்டுப் பதிப்பில் பெங்களூரின் அம்ருத் ஃப்யூஷனுக்கு 97 கொடுத்து உலகின் மூன்றாம் சிறந்த விஸ்கி என்றார். இந்திய மால்ட் விஸ்கியை ஏளனமாகப் பார்த்த உலகம் திரும்பிப் பார்த்தது. 2015 பதிப்பில் ஜப்பானின் யமசாகி ஷெர்ரி காஸ்க் 97.5 பெற்று முதலிடம் பிடித்தது. அந்தப் பாட்டிலின் மறுவிற்பனை விலை எங்கோ ஏறியது. முதல் நிகழ்வு நியாயம் செய்தது, இரண்டாவது ஊகவணிகத்துக்குத் தீனி போட்டது. இரண்டையும் செய்தது ஒரே ஒருவரின் நாக்கு. சொல்லிலும் இதே சிக்கல். ‘பாட்டி வீட்டு அலமாரி’, ‘நனைந்த நாய்’ என்றெல்லாம் எழுதப்படும் உவமைகள் எழுதியவருக்கு மட்டுமே பொருள் தருபவை. இந்தக் குழப்பத்துக்கு எதிராகத்தான் டென்மார்க்கில் பிறந்த சுவையறிஞர் மார்ட்டன் மெய்ல்கோர் 1970-களில் பீருக்கான சுவைச் சக்கரத்தை உருவாக்கினார். ஒவ்வொரு சொல்லுக்கும் எல்லாரும் முகர்ந்து ஒப்புக்கொள்ளத்தக்க ஒரு மாதிரிப் பொருள் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஸ்காட்லாந்தின் விஸ்கி ஆய்வாளர்களும் 1979-ல் தங்களுக்கென ஒரு சக்கரம் வரைந்தார்கள். சொற்களஞ்சியம் தயாராக இருக்கிறது, எடுத்தாள்பவர்கள்தாம் குறைவு.

குறைகள் இத்தனை என்றால் மருந்து எது? 1940-களில் கார்ல்ஸ்பெர்க்கில் எரிக் ஹெல்ம், பிர்கர் ட்ரொல்ல இருவரும் சுவைஞர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு முறையைக் கையாண்டு, 1946-ல் அதைப் பற்றி எழுதினார்கள். மூன்று கிளாஸ்கள், இரண்டில் ஒரே பானம், ஒன்றில் வேறு. எது வேறு என்று பெயர் தெரியாமல் கண்டுபிடிக்க வேண்டும். முக்கோணச் சோதனை என்று இன்று உலகெங்கும் உணவு ஆய்வுக்கூடங்களில் வழங்குவது இதுதான். இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. மூன்று கிளாஸும் ஊற்றிக் கொடுக்க ஒரு நண்பரும் போதும். ரசிகர்களின் புலம்பல்களில் அடிக்கடி வருவது ‘பழைய சரக்கு மாதிரி இல்லை’ என்பது. அதைச் சோதிக்க இதைவிட நேரான வழி இல்லை. பன்னிரண்டு பேர் உள்ள ஒரு சங்கத்தில் பழைய பாட்டிலையும் புதிய பாட்டிலையும் இப்படி வைத்தால், குருட்டாம்போக்கில் சொன்னாலே நான்கு பேர் சரியாகச் சொல்லிவிடக்கூடும். எட்டுப் பேராவது சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் உண்மை என்று நம்பலாம். எட்டு வராவிட்டால் ஏமாற்றம் லேபிளில் இருந்திருக்கவும் கூடும். வித்தியாசம் உண்டா என்பதை மட்டுமே இச்சோதனை சொல்லும். எது மேல் என்பதை அது சொல்லாது. ஆனால் அந்த முதற்கேள்வியைத் தாண்டாத குறிப்பு அடுத்த கேள்விக்குப் போவதில் பொருளில்லை.

இதற்கு எதிராக மூன்று வாதங்கள் எழலாம். முதலாவது, சுவை அவரவர் விருப்பம். அதில் சரி தவறு ஏது என்பது. விருப்பம் அவரவருடையது என்பது உண்மை. ஆனால் தக்கை அழுகிய நாற்றம், கந்தக நெடி, முற்றாத சாராயத்தின் எரிவு ஆகியவை அவரவர் விருப்பம் சார்ந்தவை அல்ல. மூக்குப் பழகிய பலர் ஒத்துக் காணக்கூடியவை. ‘எனக்குப் புகைவாசனை பிடிக்காது’ என்பதையும் ‘இதில் கந்தக நெடி இருக்கிறது’ என்பதையும் இரண்டு வாக்கியங்களாக எழுதினால் முதலாவதை வாசகர் தன் ருசிக்கேற்பத் தள்ளிவிடலாம், இரண்டாவதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே மதிப்பெண்ணுக்குள் கரைப்பதுதான் பிழை. இங்கே சுப்புடுவின் கச்சேரி விமர்சனங்களை நினைத்துக்கொள்வது தகும். அவருடைய கடுமையைத் தமிழ் வாசகர்கள் விரும்பிப் படித்தார்கள். ஆனால் அந்தக் கச்சேரியை நூற்றுக்கணக்கானவர்கள் அதே அரங்கில் கேட்டிருந்தார்கள். அவர் சொன்னது சரியா என்று எடைபோட அவர்களால் முடிந்தது. பாட்டிலைத் தனியே திறந்தவருக்கு அப்படிச் சாட்சிகள் இல்லை. சாட்சி இல்லாத இடத்தில் முறைதான் சாட்சி.

இரண்டாவது வாதம், கடுமையான குறிப்புகள் சிறு வடிசாலைகளைக் கொன்றுவிடும் என்பது. டென்மார்க்கில் இது வெற்றுப் பேச்சு அல்ல. மேற்கு ஜட்லாந்தில் 2005-ல் ஒன்பது நண்பர்கள் ஒரு பழைய இறைச்சிக்கூடத்தில் ஸ்டவ்னிங் வடிசாலையைத் தொடங்கினார்கள்; மருத்துவர், ஆசிரியர், இறைச்சி வெட்டுபவர் என்று வெவ்வேறு தொழில் செய்துவந்தவர்கள். விஸ்கி என்று பெயர் சொல்லவே ஐரோப்பியச் சட்டப்படி மூன்றாண்டு பீப்பாயில் கிடக்க வேண்டும். அத்தனை நாள் வருமானமின்றிக் காத்திருந்தவரின் முதல் பாட்டிலை ஒரு வரியில் வீசியெறிவது கொடுமைதான். ஆனால் மென்மையான பொய் இதற்கு மாற்றாகாது. உள்நாட்டு விஸ்கி என்ற பெருமிதத்தில் கொடுக்கும் கூடுதல் மதிப்பெண், அடுத்த பீப்பாயில் எதைத் திருத்த வேண்டும் என்று வடிப்பவருக்குச் சொல்வதில்லை. ஸ்டவ்னிங் நண்பர்கள் தொடக்கத்திலேயே தங்கள் சாராயத்தை வெளியாள் நாக்குக்குக் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். பின்னாளில் டியாஜியோ மது நிறுவனத்தின் முதலீடு வந்தது. 2018-ல் 24 சிறு வடிகலங்களுடன், நேரடித் தீயில் வடிக்கும் புதிய சாலை திறந்தது. காரணத்தோடு வரும் குறை சிறியவரை வளர்க்கும்; காரணமின்றி வந்தால் குறையும் புகழும் ஒருசேர அவரைக் கெடுக்கும்.

மூன்றாவது, இப்படிச் சோதனை வைத்துக் குடிப்பதில் என்ன இன்பம் என்ற கேள்வி. குன்னூரில் ஏலத்துக்கு வரும் தேயிலையைச் சுவைப்பவர்களைப் பாருங்கள். ஒரே எடைத் தூள், ஒரே அளவு கொதிநீர், ஒரே நேரம், ஒரே மாதிரி வெள்ளைக் கோப்பைகள். அந்தக் கட்டுப்பாட்டால் அவர்களுக்குத் தேநீர் கசந்துவிடவில்லை, நாக்குத்தான் கூர்மையாயிற்று. டென்மார்க்கின் சுகாதார ஆணையம் 2022-ல் வாரத்துக்குப் பத்து அலகுக்கு மேல் மது வேண்டாம் என்று அறிவுறுத்தியது. குறைவாகக் குடிக்க வேண்டிய இடத்தில் குடிப்பதை அறிந்து தேர்வதே முறை. தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் ஒன்றின் கையிலேயே இருக்கும் நமக்கு, கடையில் கிடைத்ததுதான் வாய்க்கு வரும். இங்கே விஸ்கி என்று பெருவாரியாக விற்பது வெல்லப்பாகுச் சாராயத்தால் ஆனது. அதை ஐரோப்பாவில் விஸ்கி என்று விற்கவே முடியாது. தேர்வு இல்லாத இடத்தில் விமர்சனம் பிறக்காது; விமர்சனம் பிறக்காத இடத்தில் தரம் உயராது.

எனவே ஏமாற்றத்தை எழுதும் வழக்கம் வேண்டும். அது கணக்குக் காட்டும் வழக்கமாக இருக்க வேண்டும். எந்தப் பாட்டில், எப்போது திறந்தது, சொந்தக் காசா இலவச மாதிரியா, எத்தனை முறை பருகியது, பெயர் தெரிந்தா தெரியாமலா என்ற ஐந்தையும் சொல்லாத குறிப்பு முணுமுணுப்புக்கு மேல் எதுவும் இல்லை. ஒரு விஸ்கி சரியில்லை என்று அடுத்த முறை எழுத உட்காருபவர்களே, அதற்கு முன் வேறொரு நாளில், லேபிளை மறைத்து, மூன்று கிளாஸில் ஊற்றிப் பாருங்கள். அப்போதும் அது சரியில்லை என்றால், தயங்காமல் எழுதுங்கள்.