தொடக்கப்பள்ளியில் பெயரடை: எல்லைப்புறத் தமிழ் வகுப்பை முன்வைத்து ஒரு மதிப்பீடு

தொடக்க வகுப்புகளில் பெயரடையைக் கற்பிக்கும் முறை பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்துள்ளது. ‘பெயருக்கு முன் நின்று அதன் தன்மையை விளக்குவது பெயரடை’ என்னும் வரையறை முதலில் வரும். அடுத்து ‘அழகிய நிலா’, ‘நீல வானம்’ போன்ற தொடர்கள். இறுதியில் கோடிட்ட இடம். குழந்தை கோட்டை நிரப்பிவிடுகிறது. அதனால் அது கற்றது யாது என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. இம்முறை தொடங்க வேண்டிய இடத்தில் தொடங்கவில்லை என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இது குறித்து ஒரு விதி செய்துள்ளார். இனத்தைச் சுட்டிப் பிரிக்காத பண்படை உலக வழக்கிற்கு உரியதன்று. செய்யுளுக்கே உரியது என்பது அதன் சாரம். ஞாயிறு ஒன்றே; செந்நிறம் அல்லாத வேறொரு ஞாயிற்றிலிருந்து அதனைப் பிரித்துக் காட்டவேண்டிய தேவை இல்லை. ஆகவே ‘செஞ்ஞாயிறு’ செய்யுள் வழக்காகும். இவ்விதியைக் கொண்டு நோக்கினால் நம் பாடங்கள் எடுத்த எடுப்பிலேயே செய்யுள் அடையைக் குழந்தையின் கையில் கொடுத்துவிடுவது புலனாகும். நிலாவும் ஒன்று, வானமும் ஒன்று. ‘அழகிய’ என்பதை நீக்கினும் சேர்ப்பினும் சுட்டப்படும் பொருள் மாறுவதில்லை. அடை என்பது ஓர் அணிகலன் என்றே குழந்தை முடிவு செய்துகொள்ளும். பிற்காலத்தில் மாணவர் கட்டுரைகளில் ‘அழகான’, ‘அருமையான’ என்பன மலிந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என ஐயுறுகிறேன்.

குழந்தைமொழி ஆய்வும் இவ்விதிக்கு அணுக்கமாகவே வந்து நிற்கிறது. சாண்ட்ரா வாக்ஸ்மன், ராக்கெல் கிளிபனாஃப் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, மூன்று வயதுக் குழந்தைகள் புதியதொரு பண்புச்சொல்லைப் பிற பொருள்களுக்கு விரித்துக்கொள்வதில் ஒப்பீடு வகிக்கும் பங்கினைக் காட்டியது. ஒரே இனத்தைச் சார்ந்த பொருள்களை முதலில் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பே அவர்களுக்குத் துணைசெய்தது. இரண்டு ஆடுகள் நிற்கும்போதுதான் ‘கறுப்பு ஆடு’ என்பதற்கு வேலை உண்டு.

இனி எல்லைப்புறத்துக்கு வருவோம். பாலக்காடு மாவட்டத்தின் எலப்புள்ளி, சித்தூர்ப் பகுதிகளிலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் தமிழ்க் குழந்தை மலையாளச் சூழலில் வளர்கிறது. 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்வியை வலியுறுத்துகிறது. அக்கல்வி எப்படிப்பட்ட தமிழைக் கொண்டு தொடங்குவது என்பது ஆசிரியரின் பொறுப்பு.

இக்குழந்தைக்கு வேண்டிய எடுத்துக்காட்டு வீட்டுச் சமையலறையிலேயே உள்ளது. சின்ன வெங்காயம் என்பது அளவில் சிறுத்த வெங்காயம் அன்று. அது ஓர் இனம். அதிலும் பெரியதைப் பொறுக்கியெடுத்துப் ‘பெரிய சின்ன வெங்காயம்’ என்றால் அதில் முரண் இல்லை. ‘சின்ன’ இனத்தைப் பெயரிடுகிறது, ‘பெரிய’ அவ்வினத்துள் ஒன்றைப் பிரிக்கிறது. இடம் மாற்றிச் ‘சின்னப் பெரிய வெங்காயம்’ என்றால் கூடையில் இருப்பது வேறு பொருள். மலையாளத்தில் இதுவே ‘செறிய உள்ளி’. ‘சுவன்னுள்ளி’ என்று நிறத்தாலும் வழங்கும். ஒரே பொருளை ஒரு சொல் அளவால் பிரிக்க மற்றொரு சொல் நிறத்தால் பிரிப்பதை ஆறு வயதுக் குழந்தை அறிந்தே பள்ளிக்கு வருகிறது. பச்சைத் தண்ணீர் பச்சை நிறமன்று என்பதும் அதற்குத் தெரியும்; மலையாளத்திலும் ‘பச்ச வெள்ளம்’ உண்டு. வகுப்பறையோ பச்சை வண்ண அட்டையைத் தூக்கிக் காட்டுகிறது.

வடிவத்தில் மெய்யான இடர்ப்பாடுகளும் உள்ளன. தமிழில் ‘வலிய’ என்பது வலிமை குறித்தது. மலையாள ‘வலிய’ பெரிய என்னும் பொருளது. இதனைத் திருத்தியே ஆகவேண்டும், பொருள் கெடுகிறது. ஆனால் மலையாளத்தின் ‘பங்கியுள்ள பூவு’ என்பதன் சாயலில் ஒரு குழந்தை ‘அழகுள்ள பூ’ என்று எழுதினால் சிவப்பு மை வேண்டுமா? ‘அழகான’ என்பதே தமிழில் பெருவழக்கு. எனினும் ‘உள்ள’ தமிழுக்கு அயலன்று. அதனைப் பிழையென அடிக்கும் ஆசிரியரும் கடிதத்தை ‘அன்புள்ள’ என்றுதான் தொடங்குவார். இவ்விரண்டு வகையையும் ஒரே தட்டில் வைத்துத் திருத்துவது குழந்தையின் இருமொழியறிவைக் குறையாகக் கருதுவதாகும்.

மற்றொன்று. ‘பெரிய’ என்பது பையனுக்கும் பெண்ணுக்கும் வீட்டுக்கும் மாறாமல் நிற்கிறது. பெயர் நீங்கியவுடன் பெரியவன், பெரியவள், பெரியது எனத் திணை பால் காட்டுகிறது. வரையறையில் இதற்கு இடமில்லை, பெயருக்கு முன் நிற்பதையே அது கூறுவதால். இரண்டு மாம்பழங்களை நீட்டி ‘எது வேண்டும்?’ என்று கேட்டால் குழந்தை ‘பெரியது’ என்னும். ‘பெரிய பழமா?’ என்று ஆசிரியர் திருப்பிக் கேட்டால் பாடத்தின் பாதி முடிந்தது. மலையாளத்திலும் ‘வலிய’, ‘வலுது’ என இவ்வுறவு உண்டாதலால் எலப்புள்ளிக் குழந்தை இதனை இருமுறை அறிந்தது. பெயரடை என்னும் கலைச்சொல் மூன்று, நான்கு ஆண்டுகள் காத்திருக்கலாம்.

அணியாக வரும் அடை வேண்டாமா எனின், வேண்டும். பிரிக்கும் அடைக்குப் பின்னரே வேண்டும். மொழிபெயர்ப்பாளர்க்கும் இவ்வரிசை பயன்படும். மலையாளக் கதையொன்றில் வரும் ‘செறியம்ம’ தமிழில் சிறிய அம்மா ஆவதில்லை, சித்தி ஆகிறாள். அங்கே ‘செறிய’ உருவத்தை விளக்கவில்லை, உறவைப் பிரிக்கிறது.