அங்கீகாரமும் பிரஜாவுரிமையும்: இந்திய, இலங்கை அயலுறவுக் கொள்கைகள் பற்றி ஒரு நோக்கு

புதிய அரசொன்றை ஏனைய அரசுகள் அங்கீகரிப்பதற்குச் சர்வதேச சட்டவியலார் வகுத்த அளவுகோல் கடினமானதன்று. வரையறுத்த நிலம், அதில் நிலையாக வாழும் மக்கள், அவர்களை ஆளும் வலிமையுள்ள அரசாங்கம் ஆகியன உளவா என்றே பெரிதும் நோக்கப்படும். அவ்வரசு விரும்பத்தக்கதா என்பது வேறு வினா. 1949 டிசெம்பர் 30ஆந் திகதி இந்தியாவும், அடுத்த சில நாட்களில் இலங்கையும் சீன மக்கள் குடியரசை அங்கீகரித்தமைக்கு இதுவே அடிப்படை. டி. எஸ். சேனநாயக்கவுக்குப் பொதுவுடைமையில் இம்மியும் பற்றில்லை. எனினும், பீக்கிங்கில் ஆள்வோர் யாவர் என்ற உண்மையை அவர் மறுக்கவில்லை.

அங்கீகாரத்தின் பின் இரு நாடுகளும் வெவ்வேறு வழி சென்றன. இந்தியா 1950இலேயே சீனாவுடன் இராஜதந்திர உறவு பூண்டது. இலங்கை 1957 வரை தாமதித்தது. இந்தியா 1950இல் இஸ்ரேலை அங்கீகரித்தும், முழு உறவை 1992இலேயே ஏற்படுத்தியது. இலங்கையிலோ ஆட்சி மாறுந்தோறும் கொள்கையும் மாறியது. 1970இல் பதவியேற்ற சிறிமாவோ அரசு இஸ்ரேலிய உறவை இடைநிறுத்திக் கிழக்கு ஜேர்மனியை அங்கீகரித்தது. இந்தியா அதனைச் செய்தது 1972இல். பங்களாதேஷ் விடயத்தில் இவ்வரிசை தலைகீழானது: இந்தியா 1971 டிசெம்பர் 6இல் போரின் நடுவிலேயே அங்கீகரிக்க, இலங்கை 1972 மார்ச் வரை பொறுத்திருந்தது. நிதானமும் விரைவும் கொள்கையால் மட்டும் பிறப்பனவல்ல.

இக்கொள்கைகளின் உண்மையான சோதனைக்களம் ஊவாவின் தோட்டங்களே. பதுளை, பசறைப் பக்கங்களில் தேயிலை. மொனராகலைச் சரிவுகளில் இறப்பரும் உண்டு. 1952 டிசெம்பரில் கைச்சாத்தான இறப்பர் அரிசி உடன்படிக்கையின்படி, ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பருக்கு 2,70,000 தொன் அரிசி வழங்கச் சீனா இசைந்தது. சீனாவுக்கு எதிராக ஐக்கிய நாடுகள் தாபனம் 1951இல் கோரிய வணிகத் தடை இலங்கையைக் கட்டுப்படுத்தவில்லை. சோவியத் வீற்றோவினால் அத்தாபனத்தின் வாயில் 1948இல் அதற்கு அடைக்கப்பட்டிருந்தது. அங்கீகாரம் மறுக்கப்படுவதன் வலியைக் கொழும்பு நன்கறிந்திருந்தது என்க.

ஆயினும் அதே 1948இல் கொழும்பு இயற்றிய பிரஜாவுரிமைச் சட்டம், தன் மண்ணில் வாழ்ந்தவரிடம் வேறோர் அளவுகோலை நீட்டியது. இலங்கையிற் பிறந்திருத்தல் போதாது. தந்தையும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் பாட்டனும் பூட்டனும் பிறந்திருத்தல் வேண்டும். பிறப்புப் பதிவே அரிதாயிருந்த லயன் அறைகளில் இதனை எங்ஙனம் நிறுவுவது? தூரத்துச் சீனாவில் நிலையாக வாழ்ந்தோர் மெய்ம்மையாகக் கொள்ளப்பட்டனர். மொனராகலையில் மரத்தில் பால் வெட்டி அவ்வுடன்படிக்கைக்குப் பொருள் தந்த தொழிலாளர் இனத்தவரோ, 1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் பெரும்பாலும் வாக்கற்றோராயினர்.

இந்தியாவையும் குறையற்றதெனல் இயலாது. இம்மக்கள் இலங்கையின் பொறுப்பே என்ற நேருவின் நிலைப்பாடு தருக்கத்தில் வலிது. ஆனால் 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அதனைக் கைவிட்டது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் முடிவாயிற்று. 1974இல் அவ்வெச்சம் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. பாகம் பிரிக்கப்பட்டோரின் கருத்து கேட்கப்படவில்லை. 1962 சீனப் போரின் பின் அயலவரின் நட்பை நாடிய புதுடில்லி, அந்நட்புக்குப் பிறர் வாழ்வை விலையாகக் கொடுத்தது என்ற கண்டனம் மிகையன்று.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே இறுதியில் எளிய வினாவைக் கேட்டது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினரும், இங்கு வதியும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரஜாவுரிமைக்கு உரியர் என்றது. பாட்டன் பூட்டன் பிறப்புச் சான்று அதில் கேட்கப்படவில்லை. பீக்கிங்குக்கு 1950இல் இலங்கை பயன்படுத்திய அளவுகோல் பசறைக்கும் மொனராகலைக்கும் வந்துசேர ஐம்பத்துமூன்று ஆண்டுகள் சென்றன.